நூற்றுப் பன்னிரண்டாவது வரி

1968 ஜனவரி 9, செவ்வாய்

சங்கத்தில் இந்த வருஷம் தறிக்காரர்களுக்கு டைரி கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் ‘சி. கைலாசம், பெரிய காஞ்சிபுரம்’ என்று எழுதியிருக்கிறது. கைலாசத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் கைலாசத்தின் பெண்டாட்டி ஏலவார்குழலி எழுதுகிறாள். இந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான் நடக்கிறது.

காலையில் இஞ்சி வாங்கி வரச் சொன்னேன். வாங்கி வந்தார். அரை மணி கழித்துத் தானாகவே கிளம்பிப் போய் இன்னொரு தடவை இஞ்சி வாங்கி வந்தார். “நீதானே சொன்ன, கொழலி” என்றார். சொன்னேன்தான். முப்பத்தைந்து வயசு ஆளுக்கு ஆறு வயசுப் பிள்ளையின் புத்தி. என்ன செய்வது.

ஆனால் கை இருக்கிறதே, அது வேறு. மத்தியானம் அடை கட்ட, அதாவது புடவையில் பூ விழுவதற்கான நூல் முடிச்சுகளைப் போட, உட்கார்ந்தோம். கட்டம் போட்ட தாளில் நான் வரைந்த மாங்காய். நான் வரி வரியாகப் படிக்கிறேன்: மூன்று எடு, இரண்டு விடு, ஏழு எடு. அவர் அப்படியே நூலைப் பிரித்து முடிச்சுப் போடுகிறார். எண்பது வரி, ஒரு முடிச்சு பிசகவில்லை. ‘கொழலிக்கு மூளை, கைலாசத்துக்குக் கை’ என்று தெருவில் சொல்வார்கள். கேட்கும்போது கொஞ்சம் தலை நிமிரும் எனக்கு. ஏன் நிமிரக் கூடாது?

ஜனவரி 20, சனி

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து டாக்டர் முரளீதரன் என்று ஒருவர் தங்கை கல்யாணத்துக்குப் புடவை பார்க்க வந்தார். சீமையில் படித்தவராம். நாங்கள் அடை கட்டுவதை ரொம்ப நேரம் பார்த்தார். தறிக்கு மேலே தொங்கும் முடிச்சுகளைக் காட்டி, “இது எதுக்கும்மா?” என்று கேட்டார்.

“அதுதாங்க தறிக்கு மூளை. எந்த இழை மேல போவணும், எது கீழ இருக்கணும்னு எல்லாம் அதுல கட்டியிருக்குது. அத இழுத்தா பூ தானா வுழும்.”

டாக்டர் இவரைப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மூளைக்கு ஒரு ஊசி கண்டுபிடித்திருக்கிறார்களாம். வாராவாரம் சனிக்கிழமை போட வேண்டும். பத்துப் பேருக்குப் போட்டுப் பார்க்கப் போகிறார். புத்தி வளருமாம். நான்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜனவரி 27, சனி

கையெழுத்துப் போட்டேன். முதல் ஊசி ஆயிற்று. நான் என்ன பெரிதாகக் கேட்டேன்? சங்கத்துக்குத் தனியாகப் போய்வர வேண்டும். கடைக்காரன் ஏமாற்றாமல் இருக்க வேண்டும். அந்த அளவுக்குப் புத்தி வந்தால் போதும்.

பிப்ரவரி 17, சனி

நான்காவது ஊசி. ஒன்றும் காணோம். டாக்டர் வீட்டில் உதவிக்கு இருக்கும் பெருந்தேவி என்கிற பெண் அவருக்கு மரத்துண்டுகளைக் கொடுத்து அடுக்கச் சொல்கிறாள். இருபத்திரண்டு வயசு இருக்கும். அவர் தப்பாக அடுக்கினாலும் சிரிக்கிறாள்.

மார்ச் 5, செவ்வாய்

கடைப்பலகைகளைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். அழுதுவிட்டேன். ஜெயம்மாள் வந்து பார்த்து அவளும் அழுதாள். (எங்கள் தறியில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு ஊடுநூல் நாடா தள்ளுபவள். அவளுக்கு அழ ஒரு காரணம் கிடைத்தால் போதும்.) ஏகாம்பரநாதருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன்.

மார்ச் 19, செவ்வாய்

புது அடை. நான் படித்துக்கொண்டிருக்கிறேன். நாற்பத்து மூன்றாவது வரியில் கை நின்றது.

“அந்த வரி தப்பு, கொழலி.”

“இன்னா தப்பு?”

“நாலு எடுன்ன. மூணுதான் வரும். நாலு எடுத்தா காம்பு கோணிக்கும்.”

அவர் தாளைப் பார்க்கவே இல்லை. காதால் கேட்டே சொல்கிறார். நான் எண்ணிப் பார்த்தேன். மூன்றுதான். வரைந்தபோதே தப்பாக வரைந்திருக்கிறேன். பத்து வருஷமாக நான் படித்ததை அவர் கட்டியிருக்கிறார், ஒருநாளும் கை நின்றதில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். சந்தோஷம்தான். ஆனால் சாயங்காலம் ரசத்துக்கு உப்புப் போட்டேனா என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டேன்.

ஏப்ரல் 11, வியாழன்

பங்குனி உத்திரம். அம்மன் கல்யாணம் பார்க்கப் போனோம். கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்தான் வழி விலக்கிப் போனார். போன வருஷம் வரைக்கும் நான் பிடித்துப் போன கை.

“அம்மனுக்கு உன் பேருதான். மண்ணுல லிங்கம் புடிச்சி வச்சா. வெள்ளம் வந்துக்கினு இருக்குது, ஆனாலும் வுடாம கட்டிப் புடிச்சிக்கினா. அது கரையற மண்ணுன்னு அவளுக்குத் தெரியாதா?” என்றார். கொஞ்சம் கழித்து, “நீயும் அப்டித்தான் என்ன வுடல” என்றார்.

எந்தப் பெண்டாட்டியாக இருந்தாலும் பூரித்துப் போயிருப்பாள். எனக்கு வந்தது எரிச்சல். அந்தக் கதையை வருஷா வருஷம் அவருக்குச் சொல்லுகிறவள் நான். என் கதையை எனக்கே சொல்ல வந்துவிட்டார்.

மே 4, சனி

ஆடுபுலி ஆட்டத்தில் இந்தத் தெருவில் என்னை ஜெயித்தவர் கிடையாது. இன்று இவர் ஜெயித்தார். மூன்று ஆட்டம். நாலாவது ஆட்டத்தில் நான் ஜெயித்தேன். எழுந்து உள்ளே போனபிறகுதான் விளங்கியது, விட்டுக்கொடுத்திருக்கிறார். தோற்றதுகூடப் பரவாயில்லை. விட்டுக்கொடுக்க யார் சொன்னது?

மே 18, சனி

பெருந்தேவி ஊசியோடு இங்கேயே வருகிறாள், இப்போதெல்லாம். புத்தகம் கொண்டு வருகிறாள். நட்சத்திரம், கணக்கு, எறும்பு என்று ஏதேதோ. இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நான் காபி கொண்டு போய் வைத்தால் பேச்சு நிற்கிறது. எனக்குப் புரியாது என்று நிறுத்துகிறார்களா, மரியாதைக்கா? இரண்டும் ஒன்றுதான். எட்டாவது வரைக்கும் படித்தவள் நான். இந்தத் தெருவில் பெண்களில் நான் மட்டும்தான்.

அந்தப் பெண் மேல் சந்தேகம் எல்லாம் இல்லை. இவர் அப்படிப்பட்டவர் இல்லை. அவளோடு பேசும்போது அவர் முகம் எப்படி இருக்கிறதோ, அதுதான் தாங்கவில்லை. என்னோடு அப்படி ஒருநாளும் பேசியதில்லை. பேச இப்போதுதானே அவருக்கு வந்திருக்கிறது – வந்ததும் அவளிடம் போய்விட்டது.

மே 27, திங்கள்

சங்கத்தில் டிசைன் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மாணிக்கவாசகம் வந்தார். எப்போதும் வாசலில் நின்று “ஏம்மா கொழலி, புதுசா இன்னா போட்டிருக்குற?” என்று கேட்பவர். இன்று என்னைத் தாண்டி நேரே தறிக்குப் போனார். மெட்ராஸ் கண்காட்சிக்கு ஒரு புடவை வேண்டுமாம். “கைலாசம், நீயே போட்டுக் குடுப்பா. இதுவரைக்கும் யாரும் பாக்காத மாதிரி இருக்கணும்.”

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மாங்காய், தாழம்பூ, மயில் – இந்தப் பத்து வருஷத்தில் அந்த ஆள் என்னிடம் வாங்கிப் போனது எத்தனை. ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

இவர் சொன்னார், “கொழலியக் கேட்டுப் போடறேங்க.” அது இன்னும் மோசம்.

ஜூன் 1, சனி

டாக்டரே வந்தார். பெருந்தேவியும். என்னை ஜெயம்மாள் வீட்டில் பால் வாங்கி வர அனுப்பினார் இவர். வீட்டில் பால் இருந்தது. திரும்பி வந்தபோது மூன்று பேரும் பேச்சை மாற்றினார்கள். பெருந்தேவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கேட்டேன். “ஒண்ணுமில்ல கொழலி, மருந்தப் பத்தி” என்றார். எனக்குத் தெரியாமல் இவருக்கு என்ன இருக்கிறது? நான் கையெழுத்துப் போட்டு வந்த புத்தி அது.

ஜூன் 10, திங்கள்

தாளை விரித்துக் காட்டினார். அன்னம். கரை முழுக்க வரிசையாக நீந்துகிறது. சாதாரணமாக ஒரு அன்னத்தை வரைந்து திருப்பித் திருப்பிப் போடுவோம். இவர் ஒவ்வொரு அன்னத்துக்கும் கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியிருக்கிறார். புடவையை விரித்து வேகமாகக் கண்ணை ஓட்டினால் ஒரே பறவை உண்மையிலேயே நீந்திப் போவது மாதிரி இருக்குமாம். அதற்கு இரட்டை மடங்கு முடிச்சு வேண்டும் என்று நினைத்தேன். இல்லை. பாதி முடிச்சில் கட்டும் வழியை யோசித்து வைத்திருக்கிறார்.

நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். ஆயிரம் வருஷம் உட்கார்ந்து வரைந்தாலும் எனக்கு இது வராது. வயிறு எரிகிறது. வேறு வார்த்தை இல்லை அதற்கு.

ஜூன் 12, புதன்

செய்துவிட்டேன்.

அடை கட்டினோம். நான் படித்தேன். நூற்றுப் பன்னிரண்டாவது வரி. ஒன்பதாவது அன்னத்தின் கழுத்து. தாளில் ஐந்து எடு, நான்கு விடு. நான் நான்கு எடு, ஐந்து விடு என்று படித்தேன். வாய் தவறவில்லை. தெரிந்தே படித்தேன். அடை திரும்பத் திரும்ப விழும்போது ஒன்பதுக்கு ஒரு அன்னம் கழுத்தொடிந்து நிற்கட்டும். மெட்ராஸில் எல்லாரும் பார்க்கட்டும்.

அவர் கை ஒரு கணம் நின்றது. என்னைப் பார்த்தார். நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முடிச்சுப் போட்டார். நான் படித்தபடியே. அந்த வரியோடு இன்றைக்குப் போதும் என்று எழுந்துவிட்டார்.

அப்படியானால் கண்டுபிடிக்கவில்லை. அவ்வளவு பெரிய புத்தியும் ஒரு இடத்தில் கோட்டை விடும்.

ஜூன் 13, வியாழன்

காலையில் படிக்க உட்கார்ந்தேன். தாள் அவர் கையில் இருந்தது. “நீ வேணாம் கொழலி. மிச்சத்த நானே பாத்துக் கட்டிக்கறேன். நீ போய் வேற வேலையப் பாரு.”

பத்து வருஷத்தில் முதல் தடவை. இனிமேல் படிக்கவும் நான் வேண்டாம். பின்கட்டில் போய் உட்கார்ந்து அழுதேன். நேற்று செய்ததற்கு மனசு கொஞ்சம் உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது உறுத்தவில்லை.

ஜூலை 12, வெள்ளி

தறியிலிருந்து புடவையை அறுத்து எடுத்தார்கள். தறியில் நெய்யும்போது அடிப்பக்கம்தான் மேலே தெரியும். முகத்தைத் திருப்பிப் பார்க்கிறவரைக்கும் என்ன விழுந்திருக்கிறது என்று சரியாகத் தெரியாது. நான் கதவோரம் நின்றேன். மாணிக்கவாசகம் விரித்தார்.

எட்டு அன்னம் முன்னே பார்த்து நீந்துகிறது. ஒன்பதாவது தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறது. பின்னால் வர வேண்டியவள் வருகிறாளா என்று பார்க்கிற மாதிரி.

மாணிக்கவாசகம் புடவையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். “இன்னாப்பா இது, உசுரு இருக்குது” என்றார். ஜெயம்மாள் வழக்கம் போல அழுதாள். நான் கெடுத்த வரிகூட அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. அதிர்ஷ்டம் என்றால் இப்படி வேண்டும். யாரிடம் போய்ச் சொல்வேன், அந்தத் தலை திரும்பியது என்னால் என்று?

ஜூலை 24, புதன்

பெருந்தேவி கொடுத்த புத்தகத்தில் ஒரே பக்கத்தை மூன்று நாளாகத் திருப்பாமல் வைத்திருக்கிறார்.

ஜூலை 30, செவ்வாய்

இன்று இழை எண்ணும்போது இருபத்தாறுக்குப் பிறகு தடுமாறினார். “கொழலி, அப்புறம் இன்னா?” என்று கேட்டார். “இருபத்தேழு” என்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரும் படிக்கப் போகாத டைரிதானே, எழுதியே விடுகிறேன். சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஆடுபுலி ஆடினோம். நான் ஜெயித்தேன். இந்தத் தடவை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் காயைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை அவருக்கு. பலகையை எடுத்து அடுப்பில் வைத்துவிடலாமா என்று இருந்தது.

ஆகஸ்ட் 10, சனி

ஊசி போட யாரும் வரவில்லை. நானே சின்ன காஞ்சிபுரத்துக்குப் போனேன். டாக்டர் என்னை உட்காரச் சொன்னார்.

“பத்து பேருக்கும் இதே மாதிரிதாம்மா. கொஞ்ச நாளைக்கு மேல மருந்த உடம்பு ஏத்துக்கல. வந்தது எல்லாம் போயிடும். ஜூன் மாசமே அவர்கிட்ட சொல்லிட்டேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“அவர்தான் வேண்டாம்னார். தானே சொல்றேன்னார்.”

பெருந்தேவி கதவருகில் நின்றிருந்தாள். இவளுக்கும் ஜூனிலேயே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. இந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது அந்த எரிச்சல்தான். நான் எப்படிப்பட்ட பொம்பளை?

வாசலில் வந்து அவள் என் கையைப் பிடித்தாள். “என்னண்ட பேசினா உங்களப் பத்தியேதான் பேசுவார். குழலி வரைஞ்ச மாங்காய்ல எவ்வளவு கணக்கு இருக்கு தெரியுமான்னு கேப்பார்” என்றாள். பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது, பொய்யாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

கடைப்பலகை படிக்க வரவில்லை. ‘க’ மட்டும் தெரிகிறது. கைலாசம் க.

செப்டம்பர் 14, சனி

மாணிக்கவாசகம் வந்து வாசலில் நின்றார். “ஏம்மா கொழலி, புதுசா இன்னா போட்டிருக்குற?” ஒன்றும் போடவில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். மே மாசத்தில் இதைக் கேட்கத்தானே தவித்தேன்.

செப்டம்பர் 19, வியாழன்

இஞ்சி இரண்டு தடவை வந்தது.

அக்டோபர் 1, செவ்வாய்

நேற்று சரஸ்வதி பூஜை. புத்தகம், பேனா, டைரி எல்லாம் சாமிமுன் அடுக்கிவிட்டதால் எழுதவில்லை. தறியைத் துடைத்துச் சந்தனம் வைத்தோம். அப்போது அவர் தறிக்குழியின் ஓரத்தில் இருந்து ஒரு சுருட்டிய தாளை எடுத்து வந்தார். அன்னப் புடவையின் தாள். பின்பக்கம் முழுக்க எழுத்து. அவர் எழுத்துதான், பெரிது பெரிதாக. மேல் வரியில் என் பெயர் இருந்தது. அதைப் பார்ப்பதற்குள் அவர் கொண்டுபோய்ப் புத்தகங்களுக்கு அடியில் செருகிவிட்டார். பூஜையில் வைத்ததைப் பிரித்துப் படிக்கக் கூடாது. நாள் முழுக்க அந்த அடுக்கைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

இன்று விஜயதசமி. எதையாவது எடுத்துப் படிக்க வேண்டும். அவரே அந்தத் தாளை உருவிக் கொடுத்தார். “இத்தப் படி கொழலி. இதுல நெறைய இருக்குது.”

எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். அடை கட்ட உட்கார்வது போல. படித்தேன்.

‘இன்று குழலி 112வது வரியை மாற்றிப் படித்தாள். வேண்டும் என்றேதான் படித்தாள். தப்பு என்று சொன்னால் அவள் முகம் வாடும். அவள் படித்ததைக் கட்டித்தான் எனக்குப் பழக்கம். அதனால் அப்படியே கட்டினேன். 113 முதல் 130 வரை மாற்றி வரைந்துவிட்டேன். இப்போது அன்னம் திரும்பிப் பார்க்கும். அது முதலில் போட்டதைவிட நன்றாக இருக்கிறது. நாளைக்கு அவள் இந்தத் தாளைப் பார்க்கக் கூடாது. நானே கட்டிக்கொள்கிறேன். கோபப்படுவாள். படட்டும்.

இந்தப் புத்தி போய்விடும் என்று டாக்டர் சொன்னார். போனபிறகு நான் இதை மறந்துவிடுவேன். குழலியிடம் கொடுத்தால் படித்துச் சொல்வாள். மற்ற யாரிடமும் கொடுக்கக் கூடாது.’

‘வேண்டும் என்றேதான்’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். “இன்னா நிறுத்திட்ட? படி” என்றார். எல்லாவற்றையும் படித்தேன். ஒரு எழுத்தை மாற்றவில்லை.

“இத்த யாரு எழுதுனது?”

“நீங்கதான்.”

“நானா?” ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, கஷ்டப்பட்டு. “அந்தப் பொண்ணு ஏன் மாத்திப் படிச்சா?” கதையில் வருகிற யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார்.

“பொறாம.”

“ஓ.” தாளைத் திருப்பி அன்னத்தைப் பார்த்தார். விரலால் அதன் கழுத்தைத் தடவினார். “பாவம்” என்றார்.

மார்ச் முதல் ஜூலை வரைக்கும் இந்த வீட்டில் ஒருவர் இருந்தார். என்னை முழுசாகத் தெரிந்துகொண்டு, தெரிந்தும் என்னோடு இருந்தார். அவரோடு நான் ஒருநாளாவது உட்கார்ந்து பேசியிருக்கலாம். பெருந்தேவி பேசினாள். அவள் மேல் இப்போது வருகிற பொறாமைக்கு எங்கே போய் மருந்து தேடுவேன்?

மத்தியானம் நல்ல நேரம் பார்த்துப் புது அடைக்கு உட்கார்ந்தோம். சாதாரண மாங்காய்தான். மூன்று எடு, இரண்டு விடு. அவர் கட்டினார். அறுபது வரி ஆயிற்று. ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.